பட்டியலில் இல்லாத ஆள்

ஜீரோ விமானத்தில் நான் எத்தனை முறை செத்திருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொண்டதில்லை. ஐநூறு இருக்கலாம், ஆயிரமும் இருக்கலாம். பொறியியல் கல்லூரி விடுதியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, ஒரு சீனியர் விட்டுச்சென்ற டிவிடியில் ‘இல்-2 ஸ்டர்மோவிக்: 1946’ இருந்தது. ரஷ்யாவில் ஒலெக் மேடாக்ஸ் குழுவினர் 2001இல் தொடங்கிய போர்விமான விளையாட்டு வரிசை அது. பசிபிக் போரைப் பற்றிய பாகம் உட்பட, முன்பு வந்தவற்றைச் சேர்த்துத் தொகுத்து 2006இல் வெளியிட்டதுதான் இந்த 1946.

எங்களிடம் ஜாய்ஸ்டிக் எல்லாம் ஏது? கீபோர்டின் அம்புக்குறிகளை வைத்தே ஓட்டுவோம். நானும் அறைத்தோழனும் முறை வைத்து விளையாடுவோம், செத்தால் அடுத்தவன். நான் எடுப்பது எப்போதும் மிட்சுபிஷி ஏ6எம்2, அதாவது ஜீரோ. வெளிர்ச் சாம்பல் நிறம், இறக்கையில் சிவப்பு வட்டம், அப்படியொரு ஒல்லியான உடம்பு. எதிரே வரும் அமெரிக்க வைல்ட்கேட் அதன் பக்கத்தில் பீப்பாய் மாதிரி இருக்கும். ஜீரோவை ஒரு திருப்பு திருப்பினால் போதும், வைல்ட்கேட்டின் வாலுக்குப் பின்னால் போய்விடலாம். ஆனால் பின்னாலிருந்து அவன் சுட்ட நாலு குண்டு நம்மேல் பட்டால் தீர்ந்தது கதை. இறக்கையிலிருந்து புகை வரும், புகை நெருப்பாகும், திரை முழுக்க ஆரஞ்சு நிறம். நான் உச்சுக்கொட்டுவேன். அறைத்தோழன் சொல்வான்: “டேய், நெருப்பு புடிச்சா என்னடா இப்ப? ரீஃப்ளை அடி.”

மறுபடி பறப்பதற்கான பொத்தான் அது. அதை அழுத்தினால் அதே வானம், அதே உயரம், புதிதாகப் பளபளக்கும் அதே விமானம்.

பதினைந்து வருடம் கழித்து, இப்போது ஒழுங்கான ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கி, அதே விளையாட்டை மறுபடி ஆடினேன். இடைப்பட்ட காலத்தில் ஜீரோவைப் பற்றிக் கொஞ்சம் படித்திருந்தேன். விளையாட்டு எதைச் சரியாகச் செய்திருக்கிறது, எதை விட்டுவிட்டது என்று பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். விடுபட்டது ஒன்று கண்ணில் பட்டது. அது ஜப்பானியக் கடற்படை 1937இல் எழுதிய தேவைப் பட்டியலிலும் விடுபட்டிருந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

*

முதலில் அந்தப் பட்டியல்.

1937இல் ஜப்பானியக் கடற்படை, விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பும் ஒரு புதிய போர்விமானம் வேண்டும் என்று மிட்சுபிஷி, நகாஜிமா இரண்டு நிறுவனங்களிடமும் கேட்டது. வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர். மூன்றரை நிமிடத்தில் 3000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். கூடுதல் டேங்கோடு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வானில் நிற்க வேண்டும். இரண்டு 20 மில்லிமீட்டர் பீரங்கி, இரண்டு இயந்திரத் துப்பாக்கி. இவ்வளவும் இருந்தும், அப்போது கையிலிருந்த இலகுவான பழைய விமானத்தைவிடத் திரும்புவதில் குறையக் கூடாது. பட்டியலைப் பார்த்த நகாஜிமா இது நம்மால் ஆகாது என்று விலகிக்கொண்டது. மிட்சுபிஷியில் இதை எடுத்துக்கொண்டவர் ஜிரோ ஹோரிகோஷி. அப்போது அவருக்கு 34 வயது.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வாடிக்கையாளர் வேகமும் கேட்பார், மலிவும் கேட்பார், நாளைக்கே வேண்டும் என்றும் கேட்பார். நாம் “இதில் எது முக்கியம் என்று சொல்லுங்கள்” என்போம். ஹோரிகோஷியும் அதைத்தான் கேட்டார். 1938இல் நடந்த கூட்டத்தில் கடற்படை அதிகாரிகள் இருவர் மோதிக்கொண்டார்கள். வானில் சண்டை போடத் தேவை திரும்பும் திறன்தான் என்றார் மினோரு கெண்டா. வேகமும் தூரமும்தான் முக்கியம், திரும்புவதை விமானிகள் பயிற்சியால் ஈடுகட்டுவார்கள் என்றார் டகேயோ ஷிபாட்டா. தீர்ப்பு வரவில்லை. ஹோரிகோஷி திரும்பிப்போய் இரண்டு பேர் கேட்டதையும் செய்துவிடுவது என்று முடிவெடுத்தார்.

அவரிடம் இருந்த எஞ்சின் ஆயிரம் குதிரைத்திறனைக்கூடத் தொடாதது. அதனால் வெட்ட முடிந்தது எடையை மட்டும்தான். சுமிட்டோமோ நிறுவனம் அப்போதுதான் உருவாக்கியிருந்த, துத்தநாகம் கலந்த உறுதியான அலுமினியக் கலவையைப் பயன்படுத்தினார். இறக்கையையும் உடலின் நடுப்பகுதியையும் ஒரே துண்டாகச் செய்து இணைப்புகளின் எடையை மிச்சம் பிடித்தார். உள்ளே இருக்கும் சட்டங்களில் எங்கெல்லாம் ஓட்டை போட முடியுமோ அங்கெல்லாம் போட்டார். முடிவில் காலி விமானத்தின் எடை சுமார் 1700 கிலோ. எதிரே வந்த வைல்ட்கேட்டின் காலி எடை சுமார் 2600 கிலோ. ஏறத்தாழ ஒரு டன் வித்தியாசம்.

1939இல் முதல் விமானம் தயாரானதும், அதைப் பிரித்து மாட்டுவண்டிகளில் ஏற்றி, நகோயா ஆலையிலிருந்து ககாமிகஹாரா விமானத்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். சாலை அவ்வளவு மோசம். லாரியில் ஏற்றினால் குலுங்கிக் கெட்டுவிடும். உலகின் மிக நவீனமான போர்விமானம் மாட்டுவண்டியில் போயிருக்கிறது! அந்த வருடம் ஏப்ரல் 1ஆம் தேதி அது பறந்தது. அடுத்த வருடம், ஜப்பானிய நாட்காட்டியில் 2600ஆம் ஆண்டு, படையில் சேர்ந்தது. கடைசி எண்ணை வைத்துப் பெயர்: ஜீரோ.

அந்த ஒரு டன்னில் இல்லாதவை என்னென்ன? விமானியின் முதுகுக்குப் பின்னால் எஃகுத் தகடு இல்லை. குண்டு துளைத்தால் தானே ஓட்டையை அடைத்துக்கொள்ளும் ரப்பர் பூசிய எரிபொருள் டேங்க் இல்லை. இதற்காக ஹோரிகோஷியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. 1937இல் மற்ற நாட்டுப் போர்விமானங்களிலும் இவை பெரும்பாலும் கிடையாது. ஸ்பிட்ஃபயர்கூடக் கவசமில்லாமல்தான் பிறந்தது. ஆனால் போர் தொடங்கி, இவை வேண்டும் என்று தெரிந்ததும், மற்றவர்களால் சேர்க்க முடிந்தது. எஞ்சினில் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருந்தது. ஜீரோவில் மிச்சம் என்று எதுவுமே வைக்கப்படவில்லை. ஒவ்வொரு கிலோவும் வேகத்துக்கும் தூரத்துக்கும் திருப்பத்துக்கும் ஏற்கெனவே செலவாகியிருந்தது. பட்டியலில் எத்தனையோ வரிகள் இருந்தன. உள்ளே உட்காரப்போகிறவனுக்கு என்று ஒரு வரி இல்லை.

*

விளையாட்டு எதைச் சரியாகச் செய்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிறையவே செய்திருக்கிறது.

வேகம் குறைவாக இருக்கும்போது விளையாட்டின் ஜீரோ சொன்னபடி கேட்கும். இப்படித் திருப்பு என்று நினைக்கும்போதே திரும்பிவிடும். தலைகுப்புறப் பாயும்போது, வேகம் ஏறஏற, உருளுவதற்கான கட்டுப்பாடு கெட்டியாகிக்கொண்டே போகும். ஜாய்ஸ்டிக்கை முழுதாகத் தள்ளினாலும் இறக்கை மெல்லத்தான் சாயும். இது உண்மை. 1942 ஜூன் 4 அன்று அலாஸ்காவின் டச்சு ஹார்பரைத் தாக்கப்போன தாதயோஷி கோகா என்ற இளம் விமானியின் ஜீரோவில் குண்டு பட்டு எண்ணெய் ஒழுக, அக்குட்டான் தீவில் புல்வெளி என்று நினைத்துச் சதுப்பில் இறங்கினார். சக்கரம் சேற்றில் மாட்டி விமானம் குப்புறக் கவிழ்ந்தது. அவர் அங்கேயே இறந்தார். விமானம் எதிரியிடம் சிக்கக் கூடாது என்றால் உடன் வந்தவர்கள் அதைச் சுட்டு எரித்திருக்க வேண்டும். ஆனால் நண்பன் உள்ளே உயிரோடு இருக்கலாம் என்று அவர்களுக்குச் சுட மனம் வரவில்லை. ஒரு மாதம் கழித்து அமெரிக்கர்கள் அதைக் கண்டெடுத்தார்கள். சான் டியேகோவுக்குக் கொண்டுபோய், பழுதுபார்த்து, செப்டம்பரில் பறக்கவிட்டு அதன் பலவீனங்களைக் குறித்துக்கொண்டார்கள். அதிவேகத்தில் உருள மறுக்கிறது என்பது அதில் முக்கியமானது. அந்தக் குறிப்பைத்தான் ஒருவகையில் நான் என் மேசையில் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கில் உணர்கிறேன்.

பீரங்கிக் குண்டுகளும் அப்படித்தான். ஒரு பீரங்கிக்கு அறுபதே குண்டு. ஏழு விநாடி அழுத்திப் பிடித்தால் காலி. பிறகு கையில் இருப்பது சின்னத் துப்பாக்கிகள் மட்டும். விளையாட்டு இதில் ஒரு குண்டு கூடத் தராது. நெருப்பு விஷயத்திலும் கறார்தான். சின்னச் சின்ன இழைகளில் இவ்வளவு நேர்மையான விளையாட்டு அது வந்த காலத்தில் அபூர்வம். அதனால்தான் அது விட்டுவிட்டதைப் பற்றிப் பேசத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் ஏனோதானோ என்று செய்த விளையாட்டிடம் போய் யார் இதைக் கேட்பார்கள்?

*

முதலில் விடுபடுவது தூரம்.

அவசரச் சண்டை என்ற பகுதியில் நுழைந்தால், நீங்கள் ஏற்கெனவே வானில் இருப்பீர்கள். எதிரி கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருப்பான். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். திரும்பி வீட்டுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. பணிவரிசையில் ஆடினாலும் காலத்தை எட்டு மடங்கு ஓடவிடலாம். தானியங்கியை அமுக்கிவிட்டுத் தேநீர் போட்டுக்கொண்டு வரலாம்.

ஆனால் ஜீரோவின் கதையே தூரம்தான். கூடுதல் டேங்கோடு சுமார் 3000 கிலோமீட்டர் போகும். 1941 டிசம்பர் 8 அன்று, தைவானிலிருந்து கடலைத் தாண்டிப் போய், பிலிப்பைன்ஸின் கிளார்க் தளத்தில் சண்டை போட்டுத் திரும்பியவை ஜீரோக்கள். அதற்காக அந்த விமானிகள் எஞ்சின் சுழற்சியைக் குறைத்து, எரிபொருளைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கவைக்கப் பல வாரம் பழகியிருந்தார்கள். ஒற்றை எஞ்சின் விமானம் அவ்வளவு தூரம் வராது, பக்கத்தில் எங்கோ கப்பல் இருக்கிறது என்றுதான் அமெரிக்கர்கள் நினைத்தார்கள். அடுத்த ஏப்ரலில் அதே விமானம், கப்பல்களிலிருந்து கிளம்பி, நமக்குப் பக்கத்திலேயே வந்தது: 5ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறு காலை கொழும்பு, 9ஆம் தேதி திருகோணமலை. ஜப்பான்காரன் வருகிறான் என்று மதராஸ் காலியானது அந்த மாதத்தில்தான். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் “சப்பான்காரன் குண்டு” என்று சொல்லும்போது சிறுவயதில் எனக்குச் சிரிப்பு வரும். அந்தப் பயத்துக்குக் காரணமான கப்பல்களில் இருந்தது நான் விடுதியில் ஓட்டிய இதே விமானம் என்று அப்போது தெரியாது.

1942 ஆகஸ்டிலிருந்து ரபாவுல் தளத்து விமானிகள் குவாடல்கனாலுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் சுமார் 1000 கிலோமீட்டர், அத்தனையும் கடல். அங்கே எரிபொருள் அனுமதிக்கும் சில நிமிடங்கள் சண்டை. பிறகு அதே தூரம் திரும்ப வேண்டும். லேசான அடி பட்டாலும் இறங்க இடமில்லை. ஆகஸ்ட் 7 அன்று சபுரோ சாகாய் அமெரிக்க விமானங்களைப் பின்னாலிருந்து நெருங்கும்போது, பின்னிருக்கைச் சுடுநர்களின் குண்டு அவர் தலையில் பாய்ந்தது. வலது கண் பார்வை போனது, உடம்பின் இடது பக்கம் மரத்துப்போனது. அந்த நிலையில் நான்கரை மணி நேரத்துக்கும் மேல் ஓட்டி ரபாவுலில் இறக்கினார். சாகாய் போன்ற ஒருவர் வந்துசேர்ந்தார். அதே கடலில் வந்துசேராதவர்கள் எத்தனையோ பேர்.

தூரம்தான் ஜீரோ வாங்கிய பொருள், விமானியின் உயிர் அதற்குக் கொடுத்த விலை. விளையாட்டு முதலாவதை எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கரைத்துவிடுகிறது. இரண்டாவதை ரீஃப்ளை பொத்தானால் தள்ளுபடி செய்துவிடுகிறது. பொருளும் இல்லை, விலையும் இல்லை என்றான பிறகு கையில் நிற்பது அழகாகத் திரும்பும் ஒரு விமானம் மட்டும்.

இன்னொன்றும் உண்டு. விளையாட்டில் ஒரு விசையைத் தட்டினால் ரேடியோ கட்டளைகள் வரும். எனக்குத் துணைக்கு வா, அவனை அடி, திரும்பிப் போ. நம் குழுவினர் உடனே கேட்பார்கள். நிஜத்தில் ஜீரோவின் ரேடியோ இரைச்சலைத் தவிர அதிகம் எதையும் தரவில்லை. வீண் எடை என்று பல விமானிகள் அதைக் கழற்றியே போட்டார்கள். கைச்சாடையும் இறக்கையை ஆட்டுவதும்தான் பேச்சு. அமெரிக்க விமானி ஜான் தாச், சாப்பாட்டு மேசையில் தீக்குச்சிகளை அடுக்கி யோசித்து, இரண்டு ஜோடி விமானங்கள் மாறிமாறிக் குறுக்கே வெட்டி ஒன்றையொன்று காப்பாற்றும் ஓர் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார். மிட்வேயில் அது பலித்தது. தனி ஒருவனாக ஜீரோவோடு திரும்பிப் ஜெயிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டதில் பிறந்த யோசனை அது. பக்கத்து விமானி உயிரோடு இருந்தால்தான் நான் பிழைப்பேன் என்பது அதன் அடிப்படை.

*

சரி, ரீஃப்ளை இல்லாமல் ஆடிப் பார்ப்போமே என்று தோன்றியது. எனக்கு நானே ஐந்து விதி போட்டுக்கொண்டேன். தரையிலிருந்து கிளம்ப வேண்டும். தரையில் இறங்க வேண்டும். காலத்தை ஓடவிடக் கூடாது. ரேடியோ கிடையாது. விமானி செத்தால் நோட்டில் அவன் பெயரை அடித்துவிட்டு, அன்றைக்குக் கணினியை மூடிவிட வேண்டும்.

முதல் ஆறு விமானிகளுக்கு எண்தான் கொடுத்தேன். ஒன்றாமவன் முதல் சண்டையில் போனான். மூன்றாமவன் நான்கு முறை திரும்பி வந்தான். ஆறாமவன் ஒரு திருப்பத்தை இன்னும் கொஞ்சம் இழுத்தால் அந்த வைல்ட்கேட் கிடைத்துவிடும் என்ற ஆசையில் போனான். அடித்தேன், மூடினேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. எண்களை அடிப்பதில் என்ன இருக்கிறது!

ஏழாவது விமானிக்கு என் பழைய அறைத்தோழனின் பெயரை வைத்தேன். அவன் இப்போது வேறு ஊரில் இருக்கிறான், குழந்தை குட்டியோடு நலமாக இருக்கிறான். சும்மா வேடிக்கைக்குத்தான் வைத்தேன். ஆனால் அன்றிலிருந்து நான் ஓட்டுவதே மாறிப்போனது. மேகத்தைப் பார்த்தால் பக்கத்திலேயே போனேன். நிமிடத்துக்கு நான்கு முறை திரும்பிப் பின்னால் பார்த்தேன். எதிரி வால் காட்டினாலும், அவன் கூட்டாளி எங்கே என்று தெரியாவிட்டால் விட்டுவிட்டேன். பதினொரு பயணத்தில் ஒரே ஒரு விமானத்தைத்தான் வீழ்த்தினேன். விடுதிக் காலத்தில் ஒரு மாலைக்குள் பத்து வீழ்த்துவேன்.

அப்போதுதான் ஜீரோ எப்படிப்பட்ட விமானம் என்று எனக்குப் புரிந்தது. அதுவரை அழகு என்று நினைத்த இலேசு, இப்போது மெல்லிய தகரத்துக்குள் பெட்ரோலுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதாகத் தெரிந்தது. கேலி செய்த பீப்பாய் வைல்ட்கேட்மேல் பொறாமை வந்தது. அதன் கனத்தில் கொஞ்சம் உள்ளே இருப்பவனுக்காகச் சுமக்கப்படுவது.

பன்னிரண்டாவது பயணத்தில், நான் பார்க்காத ஒருவன் சூரியன் பக்கமிருந்து வந்தான். இறக்கையில் புகை. நெருப்பு காக்பிட்டை எட்டுவதற்குள் குதித்துவிட்டேன். பாராசூட் விரிந்தது. கீழே கடல். கண்ணுக்கெட்டிய தூரம்வரை கடல்தான். விளையாட்டின் கணக்கில் விமானி பிழைத்துவிட்டான். என் நோட்டில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அடிக்கவும் இல்லை, அடுத்த பயணத்துக்கு எண் போடவும் இல்லை. அந்தப் பக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

*

ரீஃப்ளை பொத்தானை விளையாட்டுக்காரர்களின் சோம்பேறித்தனம் என்று சொல்லி முடித்துவிடலாம். விளையாட்டு என்றால் மறுபடி ஆடத்தான் வேண்டும். இல்லாவிட்டால் யார் வாங்குவார்கள்? அது நியாயம். என் புகார் வேறு. அந்தப் பொத்தான் ஜீரோவுக்கு எதிராக நிற்கவில்லை, அதோடு ஒத்துப்போகிறது. அடுத்த விமானி எப்போதும் தயாராக இருப்பான் என்ற நம்பிக்கையில்தான் அந்த விமானமே பொருள்படும்.

போர் தொடங்கும்போது ஜப்பானியக் கடற்படையிடம் உலகின் மிகச் சிறந்த விமானிகளில் பலர் இருந்தார்கள். கடுமையாக வடிகட்டி, வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்து உருவாக்கப்பட்டவர்கள். அமெரிக்கர்கள் தங்கள் அனுபவசாலிகளை ஒரு கட்டத்தில் ஊருக்குத் திருப்பியனுப்பிப் புதியவர்களுக்குப் பயிற்சி தரவைத்தார்கள். தாச் அப்படித்தான் போனார். ஜப்பானியர்கள் பெரும்பாலும் நல்லவர்களைச் சாகும்வரை முன்னணியிலேயே வைத்திருந்தார்கள். ஒற்றைக் கண்ணோடு பயிற்சியாளராக இருந்த சாகாயைக்கூட 1944இல் இவோ ஜிமாவிலிருந்து சண்டைக்கு அனுப்பினார்கள். புதியவர்களின் பயிற்சி நேரம் சுருங்கிக்கொண்டே போனது. இதற்கிடையே 2000 குதிரைத்திறன் எஞ்சினோடு ஹெல்கேட் வந்துவிட்டது. ஜீரோவின் பிந்தைய வடிவங்களில் டேங்குக்குத் தீயணைப்பு, கொஞ்சம் கவசம் என்று சேர்த்தார்கள். சேர்க்கச் சேர்க்க விமானம் கனத்தது, எஞ்சின் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1944 ஜூனில் மரியானா தீவுகளுக்கு அருகே நடந்த இரண்டு நாள் சண்டையில் ஜப்பானியர்கள் நூற்றுக்கணக்கில் விமானங்களை இழந்தார்கள். அமெரிக்க விமானிகள் அதற்கு வான்கோழி வேட்டை என்று பெயர் வைத்தார்கள்.

பிறகு அக்டோபர் 25. யுகியோ செகி தலைமையில் ஐந்து ஜீரோக்கள், ஒவ்வொன்றிலும் 250 கிலோ குண்டு, லெய்ட்டே வளைகுடாப் பக்கம் போய் அமெரிக்கக் கப்பல்கள்மேல் மோதின. ‘செயின்ட் லோ’ என்ற விமானம் தாங்கிக் கப்பல் மூழ்கியது. திரும்பி வருவதற்காகவே அவ்வளவு எரிபொருளும் அவ்வளவு நீள இறக்கையும் கொடுத்து வரையப்பட்ட விமானம், போவதற்கு மட்டும் பயன்பட்டது. 1937 பட்டியலில் விடுபட்டிருந்த வரியை 1944இல் யாரோ நிரப்பினார்கள், நிரப்பிய விதம் அது.

ஹயாவோ மியாசாகி 2013இல் ஹோரிகோஷியைப் பற்றி எடுத்த ‘த விண்ட் ரைசஸ்’ இந்த இடத்தைத் தொடுகிறது. கடைசியில் ஜீரோக்கள் கூட்டமாக மேலே போகின்றன. அவற்றில் ஒன்றும் திரும்பி வரவில்லை என்பதை அந்தப் பொறியாளர் ஏற்றுக்கொள்கிறார். அழகான படம். ஆனால் அந்தத் துக்கம் முழுக்க வரைந்தவனுடைய துக்கம். விளையாட்டு நேர்மாறு. ஓட்டியவனின் இருக்கையில் நம்மை உட்காரவைக்கிறது, துக்கத்தை எடுத்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுக்கதை கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹோரிகோஷிக்கே அது தெரிந்திருக்கும். 1940 மார்ச்சில் ஒரு முன்மாதிரி விமானம் வானிலேயே சிதறி, பரிசோதனை விமானி ஒருவர் இறந்தார். 1941 ஏப்ரலில், இன்னொருவரின் விமானத்தில் இறக்கை ஏன் சுருங்கி மடிந்தது என்று கண்டுபிடிக்கத் தானே பாய்ந்து பார்த்த அதிகாரி ஷிமோகாவா இறந்தார். இரண்டு முறையும் காரணத்தைத் தேடிச் சரிசெய்தார்கள். விமானம் உடைவது பட்டியலில் இருந்த பிரச்சினை.

*

ஏன் இதை இவ்வளவு தூரம் யோசித்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

சில வருடம் முன்பு, பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்களுக்கு வழி கணக்கிடும் மென்பொருள் ஒன்றில் வேலை பார்த்தேன். எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை. எங்களுக்கு வந்த ஸ்பெக்கில் எல்லாம் இருந்தது: தூரம், நேரம், பெட்ரோல், ஒரு மணிக்கு எத்தனை பொட்டலம். கணக்கு அழகாக வேலை செய்தது. பழைய முறையைவிட ஒவ்வொரு சுற்றிலும் சில நிமிடம் மிச்சம். சோதனைப் பிரிவில் இருந்த ஒரு பெண் திரையில் ஓடிய வழியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “காலைல ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் ஒரே ஓட்டமா இருக்கே. இவன் எப்பங்க சாப்பிடுவான்?”

“ஸ்பெக்ல இல்லையே” என்றது நான்தான்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் கேட்டது புரிந்தது. ஆனால் சாப்பாட்டு நேரத்தைச் சேர்த்தால் நாங்கள் காட்டிய அந்தச் சில நிமிட மிச்சம் போய்விடும். அடுத்த வெளியீட்டில் பார்ப்போம் என்று எழுதிவைத்தோம். அந்த வெளியீடு வருவதற்குள் நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். பிறகு சேர்த்தார்களா என்று கேட்கவே இல்லை.

ஹோரிகோஷியோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளும் அளவுக்கு நான் ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனால் ஒரு வரி எப்படி விடுபடுகிறது என்று எனக்குத் தெரியும். யாரும் அதை அடிப்பதில்லை. யாரும் எழுதாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான். பட்டியல் நிறைந்து, கணக்கு நிமிர்ந்து, பொருள் அழகாக வந்த பிறகு, அந்த வரிக்கு இடமே இருக்காது.

‘இல்-2’வில் விமானங்களைச் சுழற்றிப் பார்க்க ஒரு காட்சியறை இருக்கிறது. ஜீரோவைத் தேர்ந்தெடுத்தால் மெல்லச் சுற்றும். பக்கத்தில் அதைப் பற்றிய தகவல்கள். போன வாரம் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அது அழகாகத்தான் இருக்கிறது, அதை மறுத்துப் பயனில்லை. காக்பிட் கண்ணாடிக்குள் இருக்கை தெரிகிறதா என்று கொஞ்சம் கிட்டே இழுத்துப் பார்த்தேன். பிறகு அறைத்தோழனுக்கு போன் போட்டேன். ரொம்ப நாளாகிவிட்டது பேசி. ஜீரோவைப் பற்றிச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அவன் எடுத்ததும் கேட்டது: “என்னடா இந்நேரத்துல? சாப்டியா?”